குழந்தையின் தலைப் பொருக்கு: கிள்ளாமல், ஊறவைத்து எடுக்கும் முறை

பிறந்து சில வாரங்களில், பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், குழந்தையின் உச்சந்தலையில் மஞ்சள் நிறப் பொருக்கு பிசுபிசுப்பாகப் படிவதுண்டு. மருத்துவர்கள் இதைக் கிரேடில் கேப் என்பார்கள். பெரியவர்களுக்கு வரும் பொடுகுக்கு இது நெருங்கிய உறவு. சில குழந்தைகளுக்குப் புருவம், காதின் பின்புறம், கழுத்து மடிப்பு ஆகிய இடங்களிலும் தோன்றும். பார்ப்பவர்கள், "சரியாகக் குளிப்பாட்டவில்லையோ?" என்று தாயைக் கேட்டுவிடுகிறார்கள். இது அழுக்கால் வருவதன்று, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதுமன்று.

கருவில் இருந்தபோது தாயிடமிருந்து வந்த ஹார்மோன்கள், பிறந்த பின்னும் சிறிது காலம் குழந்தையின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டிக்கொண்டிருப்பதால், மிகையாகச் சுரக்கும் எண்ணெய், உதிர வேண்டிய தோல் செல்களைத் தலையிலேயே ஒட்டவைத்துவிடுகிறது என்று கருதப்படுகிறது. தோலில் இயல்பாகவே வாழும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சைக்கும் இதில் பங்குண்டு. பொதுவாகக் குழந்தைக்கு இதனால் அரிப்போ வலியோ இருப்பதில்லை. ஒன்றும் செய்யாமல் விட்டாலும், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயது முடிவதற்குள் தானாகவே மறைந்துவிடும். ஆகவே அவசரப்பட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிட முனைய வேண்டியதில்லை.

எடுக்க விரும்பினால், குளிப்பாட்டுவதற்கு ஏறத்தாழ பதினைந்து நிமிடம் முன்பு, பெட்ரோலியம் ஜெல்லியையோ வாசனை சேர்க்காத பேபி ஆயிலையோ விரல் நுனியில் சிறிது எடுத்துப் பொருக்கின் மேல் மட்டும் பூசுங்கள். நிலக்கடலை எண்ணெய் ஒவ்வாமையைத் தூண்டக்கூடும். ஆலிவ் எண்ணெய் குழந்தையின் தோலுக்கு உகந்ததன்று. இரண்டையும் தவிர்ப்பது நல்லது. ஊறிய பின் மென்மையான குழந்தைப் பிரஷ்ஷால் ஒரே பக்கமாக, அழுத்தாமல் நீவுங்கள். முதலில் பொருக்கின் ஓரம் நனைந்த காகிதம்போல மெல்லத் தூக்கிக்கொடுக்கும். அப்படித் தளர்ந்ததை மட்டும் எடுத்துவிட்டு, இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதை அடுத்த முறைக்கு விட்டுவிட வேண்டும். செதிலோடு நாலைந்து முடியும் சேர்ந்து வந்தால் பதற வேண்டாம், அவை மீண்டும் முளைக்கும். உச்சிக்குழியின் மேல் கை வைக்கப் பலர் அஞ்சுகிறார்கள். அங்கே மென்மையாக நீவுவதால் தீங்கில்லை.

அதன் பிறகு குழந்தைகளுக்கான மென்மையான ஷாம்பூவால் தலையை அலசுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: ஊறவைத்த எண்ணெயை முழுவதும் கழுவாமல் விட்டால், அதன் மேலேயே புதிய செதில்கள் ஒட்டிப் படலம் முன்பைவிடத் தடிக்கும். பொருக்கு தளர்ந்த பின், வாரத்தில் சில முறை இப்படி அலசி நீவினாலே போதும்.

நகத்தால் சுரண்டவே கூடாது. காய்ந்த பொருக்கைப் பிய்த்தால் அடியிலுள்ள தோல் கிழிந்து, அவ்வழியே கிருமி புகுந்து சீழ் வைக்கலாம். பெரியவர்களின் பொடுகு ஷாம்பூவையும் நீங்களாகவே போட வேண்டாம். அவற்றில் சிலவற்றில் உள்ள சாலிசிலிக் அமிலம் குழந்தையின் மெல்லிய தோல் வழியே உடலுக்குள் செல்லக்கூடும்.

சில வாரம் இப்படிச் செய்தும் குறையாவிட்டாலும், முகத்துக்கோ உடலுக்கோ பரவினாலும், இரத்தமோ நீரோ கசிந்தாலும், தோல் சிவந்து வீங்கினாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தை ஓயாமல் தலையைத் தேய்த்து, தூங்காமல் அழுதால் அது எக்ஸிமா என்ற அரிப்புள்ள தோல் அழற்சியாக இருக்கலாம்; முடி உடைந்து வட்டமாக உதிர்ந்தால் படர்தாமரையைச் சந்தேகிக்க வேண்டும். தேவைப்பட்டால் மருத்துவர் கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து கலந்த ஷாம்பூவையோ, வீரியம் குறைந்த ஸ்டீராய்டு களிம்பையோ குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் எழுதித் தருவார்; முன்பு வேறொரு குழந்தைக்கு வாங்கி மீந்திருக்கும் களிம்பை அதற்குப் பதிலாகப் பூசிவிடாதீர்கள்.