நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இனிப்புநீரை (நீரிழிவை)ச் சமாளிப்பது எப்படி?

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் கோவிட்-19 தொற்றைப் பற்றிய பயத்தோடு, வேலைக்கும் சாப்பாட்டுக்கும் உறக்கத்துக்கும் இருந்த நேர ஒழுங்கும் கெட்டுப்போனது. அப்படியொரு நிலை மீண்டும் வந்தால், இனிப்புநீர் உள்ளவர்கள் மருந்துக்கு அடுத்தபடியாகக் காக்க வேண்டியது அந்த ஒழுங்கைத்தான் என்பேன்.

மருந்து தீர்வதற்கு இரண்டு வாரத்துக்கு முன்பே அரசாங்கக் கிளினிக்கை அழைத்து, தபாலில் அனுப்புவார்களா, வீட்டிலிருந்து ஒருவர் போய் வாங்கிவரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திறக்காத இன்சுலினைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும்; அது ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகும் போடக் கூடாது. பயன்பாட்டில் உள்ள பேனாவை 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வைக்க வேண்டும் என்பதால், தகரக்கூரை லயத்து வீட்டில் நண்பகலில் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் அதைப் போட்டுவைப்பது ஆகாது. பெரும்பாலான வகைகளுக்கு நான்கு வாரமே கெடு. ஆகவே திறந்த தேதியைப் பிளாஸ்டரில் எழுதிப் பேனாவின் மேல் ஒட்டிவிடுங்கள்.

உதவிப் பொட்டலத்தில் வரும் அரிசியையும் மீ நூடுல்ஸையும் கொண்டே உலை வைக்கும் வீட்டில், அரிசியை விட்டுவிடுங்கள் என்பது வெறும் வாய்ப்பேச்சு. சோற்றைக் குறைத்து, வேலியோர முருங்கைக்கீரை, வெண்டைக்காய், பருப்பு, முட்டை ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். பொழுது போகாமல் மணிக்கொரு முறை குடிக்கும் கெட்டிப்பால் தேத்தண்ணிதான் சோற்றைவிடச் சத்தமில்லாமல் சர்க்கரையை ஏற்றும். அதைப் பாலும் சீனியும் சேர்க்காத தே ஓ கோசோங்காக மாற்றிவிடுங்கள். சிக்கனத்துக்காக ஒரு வேளையைத் தவிர்ப்பதும் ஆபத்து, ஏனெனில் இன்சுலினோ சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு இரத்தச் சர்க்கரை அளவு லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கக்கூடும். அப்போது மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

சாப்பிட்ட பின் காலணியோடு வாசலில் நடங்கள். இரவில் கண்ணாடியைத் தரையில் வைத்து, உள்ளங்காலில் புண் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டாருக்கும் ஒரு சொல்: அளவு ஏறும்போதெல்லாம் "எதைத் தின்னீர்கள்?" என்று குறுக்கு விசாரணை செய்தால், அப்பாவும் பாட்டியும் அளப்பதையே விட்டுவிடுவார்கள். அடைந்து கிடக்கும் நாளில் அந்த ஏச்சு இன்னும் கனக்கும். உறக்கமின்மையும் மனச்சோர்வும் சர்க்கரையை மேலும் குலைக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பற்றின்றி இருந்தால், அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் கிளினிக்கில் சொல்லுங்கள்.

காய்ச்சல் கண்டால், சாப்பிடாவிட்டாலும் சர்க்கரை ஏறக்கூடும். ஆதலால் இன்சுலினைத் தாமாக நிறுத்தாமல், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, தண்ணீரை அடிக்கடி குடிக்க வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மெட்ஃபார்மின், எம்பாகிளிஃபுளோசின் போன்ற மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம் என்பதால், அன்றே மருத்துவரைக் கேளுங்கள். வாந்தி நிற்காமல் போனாலோ, மூச்சு வாங்கினாலோ, பேச்சில் தடுமாற்றம் தெரிந்தாலோ, தொற்றுக்குப் பயந்து வீட்டிலேயே இராமல் 999 அவசர எண்ணை அழைக்க வேண்டும்.