கதையில் வரும் ஆளைச் சாப்பிட உட்கார வையுங்கள்

புதிதாகக் கதை எழுதும் நண்பர்கள் என்னிடம் காட்டும் கதைகளில் "அவர் கோபக்காரர், ஆனால் பாசமானவர்" என்ற மாதிரி ஒரு வரி கட்டாயம் இருக்கும். நான் உடனே கேட்பேன்: அவர் எப்படிச் சாப்பிடுவார்? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி ஆள் கையில் கிடைத்த மாதிரி.

சரி, ஓர் ஆளை வைத்துச் செய்து பார்ப்போம். பெயர் ரங்கசாமி. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்.

படி 1: பழக்கத்தின் காரணத்தைப் பிடியுங்கள்

"பிடித்தது மீன் குழம்பு" என்று குறித்து வைத்தால் பயனில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அது பிடிக்கும். ரங்கசாமி 30 வருடம், வண்டி எடுக்கிற நேரத்துக்குள் அவசர அவசரமாகச் சாப்பிட்டவர். ஐந்தே நிமிடத்தில் தட்டு காலியாகிவிடும். வீட்டோடு இருக்கும் இப்போதும் அப்படித்தான். மனைவி ரசத்தை எடுத்து வருவதற்குள் கை கழுவப் போயிருப்பார். இப்படி ஒரே ஒரு பழக்கம், அதற்கு ஒரு காரணம் போதும்.

படி 2: இடத்தையும் காசையும் முடிவு செய்யுங்கள்

2013-இல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அந்த வரிசையில் ஒருவரை நிற்க வைத்தால் அவருடைய வறுமையைத் தனியாக விளக்க வேண்டாம். வசதியான ஒருவர் தினமும் அங்கே வந்து நின்றால், ஏன் என்று வாசகரே கேட்பார்.

படி 3: யாரோடு சாப்பிடுகிறார்?

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். கதை இங்கேதான் பிறக்கிறது. பந்தியில் பக்கத்தில் இருப்பவர் முடிக்கும் முன் எழுந்தால் மரியாதைக் குறைவு. இப்போது ரங்கசாமியை இளைய மகளின் நிச்சயதார்த்தப் பந்தியில், சம்பந்திக்குப் பக்கத்து இலையில் உட்கார வைப்போம்.

ரங்கசாமியின் இலை காலி. சம்பந்தி இப்போதுதான் சோற்றில் சாம்பாருக்குக் குழி பறிக்கிறார். ரங்கசாமியின் முழங்கால் ஆட ஆரம்பிக்கிறது. பரிமாறிக்கொண்டிருந்த மூத்த மகள் அதைப் பார்த்துவிட்டாள். கேட்காமலே ஒரு கரண்டி சோறு வைக்கிறாள்.

"போதும்மா."

"ரசத்துக்குப்பா."

ரசம் வரவில்லை. அவள் எதிர் வரிசைக்குப் போய்விட்டாள். வெறும் சோற்றை விரலால் ஒதுக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்தே இருக்கிறார்.

அவளைச் சமர்த்து என்றோ, அப்பாவின் மேல் பாசம் கொண்டவள் என்றோ எங்கும் எழுதவில்லை. ஒரு கரண்டி சோறு அதைச் சொல்லிவிட்டது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அந்த ரசம் வராமல் போனதுதான்.

படி 4: ருசியைக் குறையுங்கள்

"மணமணக்கும்", "நாவில் எச்சில் ஊறும்" எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். குறுந்தொகை 167-ஆம் பாட்டைப் பாருங்கள். கூடலூர் கிழார் பாடியது. தயிர் பிசைந்த விரல், அதைத் துடைத்தும் துவைக்காமல் உடுத்திய சேலை, தாளிப்புப் புகை ஏறிய கண். அவ்வளவு பாடுபட்டு அவள் சமைத்ததைக் கணவன் உண்கிறான். குழம்பின் ருசியைப் பற்றி அவன் சொல்வது "இனிது" என்ற ஒரே சொல். அப்புறம் அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. கை, கண், முகம் மூன்றிலும் அந்த இளம் மனைவி முழுசாக வந்துவிடுகிறாள்.

படி 5: அதே ஆளை வேறு இலையில் உட்கார வையுங்கள்

இதை நீங்கள் எழுதிப் பாருங்கள், 150 சொற்களுக்குள். ரங்கசாமியோடு வேலை பார்த்த கண்டக்டர் இறந்துவிட்டார். காரியத்தன்று அந்த வீட்டில் சாப்பாடு. கல்யாண வீட்டில் இலையைத் தன் பக்கமாக மடிப்பார்கள், துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக. ரங்கசாமி வழக்கம்போல ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்துவிட்டார். இன்று யாரும் அவரைப் பிடித்து உட்கார வைக்கவில்லை. ஆனாலும் அவர் எழவில்லை, இலையையும் மடிக்கவில்லை. அவர் கை என்ன செய்துகொண்டிருக்கிறது?