இரண்டு அலாரம் பேனல், ஒரே கேட்

மார்த்தாண்டத்தில் ஒரே வளாகத்துக்குள் ரப்பர் ஷீட் குடோனும் முந்திரி ஆலையும். முதலாளிகள் வேறு, கேமராவும் அலாரமும் வேறு. கேட் மட்டும் பொது. அங்குள்ள கேமரா குடோனுடையது. ஆலைக்காரர்களுக்கும் அந்தப் படம் வேண்டும், குடோனில் அலாரம் அடித்தால் அவர்கள் வாட்ச்மேனுக்கும் தெரிய வேண்டும். ஆனால் ரெக்கார்டர் பாஸ்வேர்டை யாரும் தரமாட்டார்கள். நியாயம்தான்.

படம் சுலபம். கேமராவில் ஆன்விஃப் (வெவ்வேறு கம்பெனி கேமராவும் ரெக்கார்டரும் பேசிக்கொள்ளும் பொது முறை) இருந்தது. பார்க்க மட்டும் உரிமையுள்ள தனி யூசர் உருவாக்கி, சப் ஸ்ட்ரீமை, அதாவது தரம் குறைந்த சிறிய படத்தை, ஆலை என்விஆரில் (கேமரா ரெக்கார்டர்) சேர்த்தேன். இரண்டு நெட்வொர்க்கும் ஒரே 192.168.1 முகவரி வரிசை, இணைத்தால் மோதும் என்பதால், ஆலைப் பக்கத்தை முதலில் மாற்ற வேண்டியிருந்தது.

அலாரம்தான் வேலை வாங்கியது. முன்பு யாரோ குடோன் சைரனின் 12 வோல்ட்டை நேராக ஆலை பேனலின் ஜோனுக்கு (சென்சார் ஒயர் வந்து சேரும் இடம்) இழுத்திருந்தார்கள். நம்மூர் ஐப்பசி இடிக்குக் கேட்கவா வேண்டும், ஒரே பொய் அலாரம்! அதைக் கழற்றிவிட்டு நடுவில் ரிலே (கரன்ட்டால் இயங்கும் சுவிட்ச்) வைத்தேன். சாதாரண நேரத்தில் குடோன் பேனல் ரிலேயை இழுத்தே வைத்திருக்கும். அலாரம் வந்தால் விட்டுவிடும். ஆலைக்குப் போவது ரிலேயின் வெறும் கான்டாக்ட் மட்டும், இரண்டு பேனலின் சப்ளையும் கலக்காது. ஒயர் சரியாக இருக்கிறதா என்று பேனல் அளந்து பார்க்க உதவும் லைன் முடிவு ரெசிஸ்டரை ஆலை பேனலுக்குள் வைக்காமல் ரிலே முனையிலேயே போட்டேன். கேபிளை வெட்டினாலும், ஷார்ட் செய்தாலும், குடோன் பேட்டரி தீர்ந்தாலும் ஆலையில் தெரியும்.

அந்த ஜோனை 24 மணி நேர ஜோனாக (அலாரத்தை ஆஃப் செய்திருந்தாலும் விழித்திருக்கும்) வைத்து, கீபேடில் ‘குடோன்’ என்று பெயர் போட்டுக் கொடுத்தேன். அப்புறம் இரண்டு ரெக்கார்டரையும் ஒரே என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) நேரத்துக்குக் கொண்டுவந்தேன்.