ஹோமரும் குர்ஆனும் ஒரே பருவத்தில்

அமெரிக்காவில் ஆனர்ஸ் (திறமையான மாணவருக்கான சிறப்புத் திட்டம்) மாணவராகச் சேர்ந்து, செவ்வியல் நூல்களையும் உலக மதங்களையும் சேர்த்து எடுத்தால் வாசிப்பு மலைபோல் குவியும். மிரள வேண்டாம்.

முதலில், பக்க எண்ணை மறந்துவிடுங்கள். மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு அது மாறும். ஹோமரின் காவியமான இலியட்டுக்குக் காண்டமும் (மொத்தம் 24) வரி எண்ணும், குர்ஆனுக்கு சூராவும் (அத்தியாயம்) வசன எண்ணும் குறியுங்கள். பிளேட்டோவுக்கு 1578-இல் ஸ்டெஃபானஸ் என்ற பதிப்பாளர் அச்சிட்ட பதிப்பின் எண்தான் இன்றும் செல்லும். அவருடைய 'குடியரசு' நூலின் குகைக் கதை 514-இல் தொடங்கும், எந்தப் பதிப்பானாலும் சரி. என் நோட்டில் இடப்பக்கம் இந்த எண்ணும் வரியும். வலப்பக்கம் கேள்வி மட்டும். விமர்சகர் சொன்னதற்கு அங்கே இடமில்லை.

நூலகத்தில் லோப் என்ற செவ்வியல் நூல் வரிசையைத் தேடுங்கள். பச்சை அட்டை கிரேக்கம், சிவப்பு லத்தீன். மூலமும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும். காசில்லாமல் வேண்டுமா, இணையத்தில் பெர்சியஸ் என்ற மின்னூலகம் இருக்கிறது.

குர்ஆனை முதல் பக்கத்திலிருந்து பிடித்தால் பலர் இரண்டாம் சூராவிலேயே திணறுகிறார்கள். 286 வசனம், சும்மாவா! அடுக்கு காலவரிசையில் இல்லை, பெரும்பாலும் நீளத்தை ஒட்டியது. அதனால் கடைசியிலுள்ள குட்டி சூராக்களில் தொடங்குங்கள். முடிந்தால் ஓதுவதைக் கேட்டுக்கொண்டே படியுங்கள்.

அப்புறம் கட்டுரை: அந்த மதத்தைப் பின்பற்றும் வகுப்புத் தோழர் வாசிப்பார் என்றே எழுதுங்கள். பாதி அபத்தம் தானாக உதிரும்.