அளந்தது எது, ஊகித்தது எது? ஃபிட்னஸ் கருவிகளின் எண்களை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்மார்ட் வாட்ச் ஒன்றைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தால், கண்ணாடிக்குள் பச்சை நிறத்தில் மினுங்கும் ஓரிரு சிறு விளக்குகள் தெரியும். பச்சை ஒளியை இரத்தம் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் இரத்தம் சற்றுக் கூடிக் குறைவதால், தோலிலிருந்து திரும்பி வரும் ஒளி அதற்கேற்பக் குறைந்து கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கருவி துடிப்பாக எண்ணுகிறது. இதனுடன் கையின் அசைவை உணரும் முடுக்கமானி ஒன்றும் உள்ளே இருக்கும். பெரும்பாலான கருவிகள் உண்மையில் அளப்பது இவ்வளவுதான்: திரும்பி வரும் ஒளி, கையின் அசைவு, சிலவற்றில் தோலின் வெப்பமும் ஜிபிஎஸ் காட்டும் இருப்பிடமும். கலோரி, உறக்க நிலைகள், மன அழுத்த மதிப்பெண் போன்றவை எல்லாம் இந்தச் சில அளவுகளை வைத்துக்கொண்டு செயலி ஊகித்துச் சொல்பவை. அளந்ததையும் ஊகித்ததையும் திரை ஒரே அளவு எழுத்தில், ஒரே உறுதியுடன் காட்டுவதால் இரண்டையும் ஒரே தரமாக நம்பிவிடுகிறோம். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தவறிலிருந்தே கிளைக்கின்றன.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை தெளிவாகக் காட்டியது. அறுபது தன்னார்வலர்களுக்கு ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளை அணிவித்து, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் செய்து, ஆய்வகக் கருவிகளின் அளவுகளோடு ஒப்பிட்டார்கள். இதயத் துடிப்பில் ஏழில் ஆறு கருவிகளின் பிழை 5 விழுக்காட்டுக்குள் இருந்தது. ஆனால் செலவான கலோரியில், இருப்பவற்றுள் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழை செய்தது. மிக மோசமான கருவியின் பிழை 93 விழுக்காடு. அதன்பின் கருவிகள் முன்னேறியிருக்கின்றன என்பது உண்மை. ஆயினும் ஒருவருடைய தசை அளவையோ உடல் எரிக்கும் ஆற்றலையோ மணிக்கட்டிலிருந்து நேரடியாக அளக்க வழியில்லாத வரையில், கலோரி எண் ஊகமாகவே இருக்கும்.

ஆகவே, கடிகாரம் காட்டும் கலோரியை வங்கிக் கணக்கின் வரவைப் போல எண்ணி, அந்த அளவுக்குச் சாப்பிட்டு ஈடுகட்டிக்கொள்வதை நான் பெரிய தவறாகக் கருதுகிறேன். ஒரு மணி நேர நடைக்குப் பிறகு 350 கலோரி என்று திரை சொல்கிறது. அதற்கு ஈடாக இரண்டு வடையும் சர்க்கரை போட்ட காப்பியும் தகும் என்று மனம் சொல்கிறது. அந்த 350 உண்மையில் 250ஆக இருக்கலாம். இன்னொரு குழப்பமும் இதில் உண்டு. பல செயலிகள் 'மொத்தக் கலோரி', 'செயல் கலோரி' என்று இரண்டைக் காட்டுகின்றன. மொத்தக் கலோரி என்பதில், நாம் சும்மா படுத்திருந்தாலும் மூச்சுக்கும் இதயத் துடிப்புக்கும் உடல் வெப்பத்துக்கும் செலவாகும் ஆற்றலும் சேர்ந்திருக்கும். அந்தப் பெரிய எண்ணைப் பார்த்து, எல்லாமே உடற்பயிற்சியால் கரைந்தது என்று நினைப்பவர்கள் எடை குறையாமல் மாதக்கணக்கில் தவிக்கிறார்கள். அவர்களுடைய முயற்சியில் குறையில்லை, வாசித்த எண்தான் வேறு.

கலோரியோடு ஒப்பிட்டால் அடிகளின் எண்ணிக்கை நம்பத்தக்கது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. நான் ஒருமுறை மொட்டை மாடியில் 500 அடிகளை வாய்விட்டு எண்ணி நடந்து பார்த்தேன். கைகளை வீசி நடந்தபோது கடிகாரம் 493 காட்டியது. பிறகு அதே 500 அடிகளை, துவைத்த துணிகள் நிறைந்த கூடையை இரு கைகளாலும் அணைத்துப் பிடித்தபடி நடந்தேன். 300க்குச் சற்று மேலேதான் காட்டியது. கை அசையாவிட்டால் கருவிக்கு அது நடையே அல்ல. கடையில் தள்ளுவண்டியைத் தள்ளி நடப்பவர், குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பவர், கைத்தடியூன்றி நடக்கும் முதியவர் ஆகியோரின் கணக்கு குறையும். மேடுபள்ளமான சாலையில் இருசக்கர வண்டி ஓட்டுபவருக்கு நடக்காத அடிகள் கணக்கில் ஏறக்கூடும். வீட்டு வேலை முழுவதையும் செய்துவிட்டு, 'இன்று நீங்கள் போதிய அளவு இயங்கவில்லை' என்று கடிகாரம் சொல்வதைக் கேட்டு மனம் சோர்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சோர்வு தேவையற்றது.

பத்தாயிரம் அடி என்ற இலக்கும் மருத்துவம் வகுத்ததல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியிருந்த வேளையில், 1965இல் யமாசா என்ற நிறுவனம் இடுப்பில் செருகும் அடி எண்ணி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்கு 'மன்போ-கேய்' என்று பெயரிட்டது. 'பத்தாயிரம் அடி அளவி' என்பது அதன் பொருள். விற்பனைப் பெயர் உலகத்தின் இலக்காகிவிட்டது. ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ தலைமையில் 2019இல் வெளிவந்த ஆய்வு, சராசரி வயது 72 கொண்ட சுமார் 17,000 அமெரிக்கப் பெண்களின் அடிகளைக் கணக்கிட்டது. நாளுக்கு ஏறத்தாழ 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் அந்த வேறுபாடு மேலும் கூடவில்லை. இது முதிய பெண்களைப் பற்றிய முடிவு, எல்லா வயதினருக்கும் அப்படியே பொருந்தாது. இருந்தாலும், நாளுக்கு 3,000 அடி நடக்கும் அறுபது வயதுக்காரர் 5,000க்கு உயர்வது பெரிய மாற்றம் என்பதையும், பத்தாயிரத்தை எட்டாத நாளெல்லாம் வீணான நாளல்ல என்பதையும் இதிலிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

இதயத் துடிப்புக்கு வருவோம். ஓய்வாக இருக்கும்போது இந்த எண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கையை மடக்கி நீட்டி எடை தூக்கும்போதும் வேகமாக ஓடும்போதும் தடுமாறும். பட்டை தளர்ந்திருந்தால் வெளியொளி உள்ளே புகுந்து அளவைக் குழப்பும். எனவே பயிற்சியின்போது மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே, நழுவாத அளவுக்கு இறுக்கிக் கட்ட வேண்டும். தோலில் அடர்ந்த பச்சை குத்தியிருந்தால் ஒளி சரியாகத் திரும்பாது. ஓடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: நிமிடத்துக்கு 170 முறை கால் தரையில் படும் அதிர்வையே கருவி துடிப்பென்று பிடித்துக்கொள்வது. மெதுவாக, மூச்சு வாங்காமல் ஓடும்போது துடிப்பு 170 என்று காட்டினால் அஞ்சுவதற்கு முன், நின்று, கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.

துடிப்பு எண் சரியாக இருந்தும் அதற்குச் செயலி கொடுக்கும் பொருள் தவறாகிவிடுவது உண்டு. என் அத்தைக்கு அப்படித்தான் நேர்ந்தது. இரத்த அழுத்தத்துக்காகப் பல ஆண்டுகளாக மெட்டோப்ரோலால் சாப்பிட்டு வருபவர் அவர். கடிகாரம் வாங்கித் தந்த பிறகு, அதில் 'கொழுப்பு கரையும் மண்டலம்' என்று ஆரஞ்சு நிறத்தில் வரும் கட்டத்தை எட்டுவதற்காகக் காலை நடையின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். “எவ்வளவு வேகமா நடந்தாலும் இது நூத்தைத் தாண்ட மாட்டேங்குதுப்பா” என்று சொன்னபோது அவருக்குப் பேச மூச்சு போதவில்லை. அந்த மாத்திரை இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் வகையைச் சேர்ந்தது. அதைச் சாப்பிடுபவருக்குச் செயலியின் மண்டலங்கள் பொருந்தவே பொருந்தா. அவருடைய மருத்துவர் எண்ணைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லி, பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும், அதுவே சரியான வேகம் என்று ஒரு எளிய அளவைக் கொடுத்தார்.

மருந்து சாப்பிடாதவர்களுக்கும் இந்த மண்டலங்கள் தோராயமானவையே. மண்டலங்களைப் பிரிக்கப் பல செயலிகள் 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கணக்கிடுகின்றன. ஐம்பது வயதுக்காரருக்கு அது 170. ஆனால் ஒரே வயதுடைய நலமான மனிதர்களிடையே இந்த உச்சம் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் மேலும் கீழும் விலகியிருப்பது இயல்பு. தன்னுடைய உண்மையான உச்சம் 182ஆக உள்ள ஒருவர், 170ஐத் தாண்டியதும் இதயத்துக்கு ஆபத்து என்று பதறுவதற்குக் காரணமே இல்லை.

இரத்த ஆக்ஸிஜன் அளவு என்று வரும்போது கறுத்த தோலுடைய நாம் கூடுதல் கவனம் கொள்ள வேண்டியிருக்கிறது. மருத்துவமனைகளில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர்களைப் பற்றி 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டியபோது, தமனி இரத்தத்தை எடுத்துச் சோதித்ததில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்த நிலை வெள்ளையரிடம் 3.6 விழுக்காடாகவும், கறுப்பினத்தவரிடம் 11.7 விழுக்காடாகவும் இருந்தது. தோலின் நிறமி ஒளியை விழுங்குவதுதான் இதற்கான முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. விரல் நுனியிலேயே இப்படியென்றால், மணிக்கட்டுக் கருவியில் வரும் 95ஐ நம்பி, மூச்சுத் திணறும் ஒருவரை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அதேபோல உறக்கத்தில் ஒருமுறை 88 என்று பதிவாகிவிட்டது என்பதற்காக நடுங்கவும் வேண்டாம். அந்த நேரத்தில் கை தலைக்கடியில் அழுந்திக் கிடந்திருக்கலாம்.

உறக்கத்தைப் பற்றிய எண்களில், எப்போது படுத்தோம், எப்போது எழுந்தோம், ஏறத்தாழ எத்தனை மணி நேரம் என்பவை பயனுள்ளவை. 'ஆழ்ந்த உறக்கம் 47 நிமிடம்' என்பது அப்படியல்ல. உறக்க நிலைகளை முறையாகப் பிரித்தறிய, உறக்கச் சோதனைக் கூடத்தில் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்கிறார்கள். கடிகாரமோ அசைவையும் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. அசையாமல் விழித்துக் கிடந்த நேரத்தை உறக்கமாகச் சேர்த்துவிடுவது அதன் வழக்கமான பிழை. 2017இல் சிகாகோவைச் சேர்ந்த உறக்க ஆய்வாளர்கள், கருவியின் மதிப்பெண்ணைச் சரிசெய்யும் தவிப்பிலேயே உறக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்த நோயாளிகளைப் பற்றி எழுதி, அந்த நிலைக்கு 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயர் சூட்டினார்கள். காலையில் எழுந்ததும் திரையைப் பார்ப்பதற்கு முன் 'நன்றாகத் தூங்கினேனா' என்று தன்னையே கேட்டுப் பதிலை முடிவு செய்துகொள்வது நல்ல பழக்கம்.

அடுத்தவரோடு ஒப்பிடுவது மற்றொரு தவறு, எச்.ஆர்.வி. என்னும் எண்ணில் அது முற்றிலும் பொருளற்றது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு மாறுகிறது என்பதைச் சொல்லும் அந்த எண், வயதுக்கும் பிறப்பியல்புக்கும் ஏற்ப ஆளுக்கு ஆள் பல மடங்கு வேறுபடும். போதாக்குறைக்கு, ஆப்பிள் கடிகாரம் ஒரு கணித முறையிலும் வேறு பல கருவிகள் இன்னொரு கணித முறையிலும் அதைக் கணக்கிடுகின்றன. கணவருக்கு 62, தனக்கு 28 என்று கவலைப்படுவது, ஒருவர் மீட்டரிலும் மற்றவர் அடியிலும் உயரத்தை அளந்து ஒப்பிடுவதைப் போன்றது.

எச்சரிக்கை ஒலிகளை இரண்டு பக்கமும் தவறாகப் புரிந்துகொள்கிறோம். 2019இல் வெளியான ஆப்பிள் இதய ஆய்வில் 4,19,297 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் 2,161 பேருக்கு, அதாவது 0.52 விழுக்காட்டினருக்கு, ஒழுங்கற்ற துடிப்பு என்ற எச்சரிக்கை வந்தது. பிறகு மார்பில் ஈ.சி.ஜி. பட்டை ஒட்டிப் பதிவை அனுப்பிய 450 பேரில் 34 விழுக்காட்டினருக்கே அப்போது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் தாளக் கோளாறு தென்பட்டது. அந்தக் கோளாறு வந்து வந்து போகக்கூடியது என்பதால் மற்றவர்களுக்கு வந்த எச்சரிக்கை எல்லாம் பொய் என்று சொல்ல முடியாது. ஆகவே எச்சரிக்கை வந்தால் முறையான ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும், நோய் உறுதியாகிவிட்டதென்று முடிவு கட்ட வேண்டியதில்லை. மறுபக்கத் தவறுதான் உயிரோடு விளையாடுவது. கடிகாரத்தின் ஈ.சி.ஜி. ஒற்றைக் கோணத்தில் தாளத்தை மட்டும் பார்ப்பது. மாரடைப்பைக் கண்டறியும் திறன் அதற்கு இல்லை. நெஞ்சு அழுத்தி, வியர்த்து, இடக்கை வலிக்கும்போது கடிகாரம் 'இயல்பு' என்று காட்டினாலும் 108ஐ அழைக்க வேண்டும்.

இரத்த அழுத்தம் காட்டும் கடிகாரங்களைக் கைப்பட்டைக் கருவியோடு நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒத்துப்பார்த்துச் சரிசெய்யும்படி சில தயாரிப்பாளர்கள் தாங்களே கேட்கிறார்கள். அதைச் செய்யாமல் விட்டால் அந்த எண்ணைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஊசி குத்தாமல் சர்க்கரை அளவைக் காட்டுவதாக விற்கப்படும் கடிகாரங்கள், மோதிரங்கள் எதற்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் அளவை மாற்றுவது உயிருக்கே ஆபத்து.

இவ்வளவு குறை சொன்னாலும் நான் தினமும் கடிகாரம் அணிகிறேன். ஒரே கருவியை, ஒரே கையில், ஒரே விதமாக அணிந்தால் அதன் பிழையும் பெரும்பாலும் ஒரே பக்கமே சாயும். ஆகவே தனி நாளின் எண் தவறாக இருந்தாலும் வாரச் சராசரியின் போக்கு உண்மையைச் சொல்லும். நான் முதலில் பார்ப்பது ஓய்வுநிலைத் துடிப்பின் ஏழு நாள் சராசரியை. எனக்கு அது வழக்கமாக 63 அல்லது 64. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 70ஐத் தாண்டினால், தூக்கம் கெட்டதா, காய்ச்சல் வரப்போகிறதா, வெயிலில் நீர் குறைந்ததா என்று யோசிப்பேன். கருவியை மாற்றினாலோ செயலியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டாலோ அந்தத் தேதியைக் குறித்து வைக்க வேண்டும்; அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால், உடலில் நடக்காத மாற்றம் நடந்ததாகத் தோன்றும்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று மாத வரைபடங்களை அவர் முன் விரித்து வைப்பதால் பயன் குறைவு. ஒரு தாளில், படபடப்பு வந்த நாள், நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எத்தனை நிமிடம் நீடித்தது, துடிப்பு எவ்வளவு காட்டியது, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பவற்றை எழுதிக்கொண்டு செல்லுங்கள்; அந்த நேரத்தில் கடிகாரத்தில் ஈ.சி.ஜி. எடுத்திருந்தால் அதன் பிடிஎஃப் கோப்பை அச்செடுத்து அந்தத் தாளோடு இணைத்துவிடுங்கள்.