காங்கேயம் காளையும் கன்றும்: சின்னப் பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு

பட்டிப்பொங்கல் நெருங்கும் சமயத்தில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஓவியப் பாடம் கிடையாது. வீட்டில் மாடு இல்லாத பிள்ளைக்கும் வழியில் பார்த்த மாடு ஒன்று நினைவிருக்கும். ஒன்றாம் வகுப்பென்றால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கெட்டி சார்ட் பேப்பர், போஸ்டர் கலர் (வெள்ளை, கறுப்பு, பழுப்பு, கொம்புக்குச் சிவப்பும் நீலமும்), தடித்த பிரஷ், பழைய டூத்பிரஷ், மஞ்சள்தூள், துடைக்கத் துணி. இவ்வளவு போதும். மெல்லிய பிரஷ் வேண்டாம், இந்த வயசுக் கைக்கு அது அடங்காது.

1. முதலில் கொறங்காடு, அதாவது மாடு மேயும் வேலியடைத்த புல்காடு. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூளைக் கரைத்துத் தாள் முழுக்கப் பூசச் சொல்லுங்கள். காய்ந்த கொழுக்கட்டைப்புல் நிறம் வந்துவிடும். வெயில் படும் சுவரில் மாட்டினால் நாளடைவில் வெளுக்கும், போகட்டும். நன்றாகக் காய விடுங்கள்.

2. பென்சிலில் மாடு. மூலைகள் உருண்ட செவ்வகம், தோளுக்கு மேல் அரைவட்டத் திமில், நாலு கால், தலை, கொம்பு. ரப்பர் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மணி அடிக்கும்வரை அழித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

3. சாம்பல் நிறம் கலப்பது. பாடமே இதுதான், அவசரப்படாதீர்கள். தட்டில் வெள்ளையை நிறைய வைத்து, கறுப்பைக் குச்சி முனையால் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால், கறுப்பை வெளுக்க வைக்க டப்பா வெள்ளையும் பத்தாது. ஒவ்வொரு துளிக்கும் "இப்ப என்ன கலர் கண்ணு?" என்று கேளுங்கள். மழைமேகம், அடுப்புச் சாம்பல், அப்பத்தா முடி என்று அவர்களே பெயர் வைப்பார்கள். வெளிர் ஒன்று, அடர் ஒன்று எனத் தனித்தனியாக எடுத்து வையுங்கள்.

4. உடம்பு முழுக்க வெளிர் சாம்பல். ஈரம் காயுமுன் திமிலிலும் கழுத்திலும் தொடைகளிலும் அடர் சாம்பலை ஒற்றினால், இரண்டும் தானாக இழைந்துகொள்ளும். காங்கேயம் காளைக்கு அந்த இடங்கள்தான் கருத்திருக்கும். வால்குஞ்சம் கறுப்பு. "எங்க மாடு வெள்ளையாத்தானுங்க டீச்சர் இருக்குது" என்று ஒரு பிள்ளை கண்டிப்பாகச் சொல்லும். சரிதான், பசு வெளிர்ந்துதான் இருக்கும். அந்தப் பிள்ளை அடர் சாம்பலைத் தொடவே வேண்டாம்.

5. பக்கத்தில் செம்பழுப்பில் ஒரு கன்று. சிவப்பும் பழுப்பும் கலந்தால் போதும். இந்த இனத்துக் கன்று பிறக்கும்போது அந்த நிறம்தான். ஆறு மாச வாக்கில் சாம்பலாக மாறும்.

6. டூத்பிரஷில் பழுப்பைத் தொட்டு மேல்நோக்கி இழுத்தால் கொறங்காட்டைச் சுற்றியிருக்கும் கிளுவைச் செடி வேலி. கொம்புக்கு அவரவர் இஷ்டம்.

தாளைச் சுருட்டாமல் தட்டையாகவே காய விடுங்கள். தடிப்பாகப் பூசிய போஸ்டர் கலர் சுருட்டினால் வெடித்து உதிரும், அதுவும் முதலில் திமிலில்தான்.