லிப்போஃபிலிக் என்றால் எண்ணெய் இல்லை

போன வாரம் ஏற்காட்டிலிருந்து இரண்டு தம்பிகள் ஆரஞ்சுத் தோலில் வடித்த எண்ணெயைக் கொண்டுவந்தார்கள். பிளாஸ்டிக் கேனைப் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிந்தது. லிப்போஃபிலிக், அதாவது கொழுப்பு நாட்டமுள்ளது, என்ற சொல்லில் பலரும் செய்கிற தவறுகளை வரிசையாகச் சொல்கிறேன்.

கொழுப்பில் கரைவதைக் கொழுப்பு என்றே நினைப்பது

கிரேக்கத்தில் லிப்போஸ் என்றால் கொழுப்பு, ஃபிலோஸ் என்றால் பிரியமுள்ளது. கொழுப்பிலும் எண்ணெயிலும் எளிதில் கரைகிற பொருளுக்குத்தான் லிப்போஃபிலிக் என்று பெயர், அதுவே கொழுப்பாக இருக்க வேண்டியதில்லை. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன். அதில் கொழுப்பு துளியும் கிடையாது, ஆனால் ஆக்டனாலும் (தண்ணீரோடு கலக்காத ஒரு ஆல்கஹால்) தண்ணீரும் பிரிந்து நிற்கும் குடுவையில் விட்டால், தண்ணீரில் தங்குவதைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கு மேல் ஆக்டனாலில் போய்ச் சேரும். இந்த மடங்கின் மடக்கையைத்தான் லாக் பி என்கிறார்கள்.

இது புரியாமல், 'எண்ணெய்தானே' என்று ஒரு சீசன் முழுக்க வடித்த இரண்டு லிட்டரை நல்லெண்ணெய் கேனில் ஊற்றி, சேலத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைத்துவிட்டேன். ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தால் கேன் கொழகொழத்து நெளிந்திருக்கிறது, மூடியின் ரப்பர் வளையம் ஊறிப் பெருத்திருக்கிறது, உள்ளே பாதிகூட இல்லை, மிச்சத்திலும் பிளாஸ்டிக் வாடை. கேன் செய்கிற பாலிஎத்திலீனும் கார்பன், ஹைட்ரஜன் மட்டுமே கோத்த சங்கிலி, மெழுகுக்குச் சொந்தம் மாதிரி. அதனால் லிமோனீன் அதற்குள்ளும் ஊறிப் போகிறது. நல்லெண்ணெய் மூலக்கூறில் கார்பன் ஐம்பதுக்கு மேல், லிமோனீனில் வெறும் 10. சின்னது என்பதால் சுலபமாக நுழைந்து மறுபக்கம் ஆவியாகிவிடும். சந்தேகம் இருந்தால் தெர்மாகோல் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், குழி விழும்.

அடர்நிறக் கண்ணாடிப் பாட்டில், கழுத்துவரை நிரப்பி, குளிர்ந்த இடம். காற்றுப் பட்டுப் பழசான லிமோனீன் தோலில் அரிப்பு உண்டாக்கும் என்பதால் பாதிப் பாட்டிலாக வைக்காதீர்கள். தயவுசெய்து கேன் வேண்டாம்.

தண்ணீர் ஒட்டாததெல்லாம் லிப்போஃபிலிக் என்பது

டெஃப்லான் தவாவில் தண்ணீரும் ஒட்டாது, எண்ணெயும் பரவாமல் முத்து முத்தாக நிற்கும். அது தண்ணீரை வெறுக்கிறது, அவ்வளவுதான்.

எச்.எல்.பி எண்ணைத் தலைகீழாகப் படிப்பது

எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து நிறுத்துகிற பொருள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டுவதுதான் எச்.எல்.பி. எண் குறைந்தால்தான் கொழுப்பு நாட்டம் அதிகம். அப்படிப்பட்ட பொருள்களில் ஸ்பான் 80-க்கு 4.3, ட்வீன் 80-க்கு 15. எண்ணெயைத் தண்ணீரில் கலந்து நிறுத்த வேண்டும் என்றால் முதலில் ட்வீனை எடுங்கள்.

எல்லா வைட்டமினையும் சேர்ப்பது

கொழுப்பில் கரைகிற வைட்டமின்கள் ஏ, டி, ஈ, கே மட்டும்.

மிளகாய்க் கையை வெறும் தண்ணீரில் கழுவுவது

கேப்சைசினும் கொழுப்பு நாட்டமுள்ளதுதான். முதலில் தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடையுங்கள், அப்புறம் சோப்பு.